தேவகி ரூல்

“...தேவகி ரூல், தேவகி ரூல்னு இத்தினி வருசமா சொல்லிக்கினு கீறீங்களே, அதுல பாதி பொய்” என்று தேவகி மைக்கில் சொன்னாள்.

அது எனக்கு நடந்த பணி ஓய்வு விழா. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். ஹாலில் கம்ப்யூட்டர்களை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். கழுத்தில் சம்பங்கி மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கேக் வெட்டியாகிவிட்டது. பேசினவர்கள் எல்லோரும் என்னைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள், அன்றைக்கு மட்டும் அப்படித்தானே பேசுவார்கள். கடைசியாக வந்தது தேவகி, எங்கள் மேனேஜர். அவள் இப்படி ஆரம்பித்ததும் நான் மாலையைச் சரிபண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு என்று அந்த ஹாலில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவளும் நானும்.

ஆபீஸ் பிள்ளைகள் ரொம்ப நாளாக என்னை எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் மென்பொருளே படத்தைப் பார்த்துத் தானாகக் கோடு போட்டுவிடுகிறது. போன மாதம் ஒரு பெண் கேட்டாள்: “அப்போ நீங்கள்லாம் காலைலேர்ந்து சாய்ங்காலம் வரைக்கும் இன்னாதான் பண்ணிக்கினு இருந்தீங்க ஆன்ட்டி?” கேலி இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அவளுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேலையைப் பற்றி வரவில்லை, தேவகியைப் பற்றித்தான் வருகிறது. விழா அன்றைக்கும் எனக்குப் பேச்சு கோர்வையாக வரவில்லை. இங்கேயாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது வரைபட மென்பொருள் செய்கிற கம்பெனி. மென்பொருள் எழுதுகிறவர்கள் சென்னையில் இருப்பார்கள். அதற்குள் போகிற படங்களைத் தயார் பண்ணுகிறவர்கள் நாங்கள். நான் சேரும்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. அதற்கு முன்னால் வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். தெருக்கோடி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார்கள். அந்த வீட்டம்மாவின் ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொடுக்கப் போன இடத்தில், மற்றவர்கள் செய்வதை நின்று பார்த்தே கற்றுக்கொண்டேன். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை.

வேலை இதுதான். பழைய கிராம வரைபடத்தை ஸ்கேன் பண்ணித் திரையில் போடுவார்கள். ஒவ்வொரு வயலின் வரப்பையும் மவுஸால் தொட்டுத் தொட்டுச் சுற்றி வரவேண்டும். ஆரம்பித்த புள்ளியிலேயே வந்து முடித்தால் அது ஒரு வயல். மயிரிழை தள்ளி முடித்தாலும் அது வயல் இல்லை, வெறும் கோடு. ஜாக்கெட்டுக்குக் கைக்குழி வளைத்து வெட்டிப் பழகிய கை என்பதால் எனக்கு வளைவு சுலபமாக வந்தது.

எங்களுக்கு மேலே இருந்தவர் வரதராஜன் சார். சர்க்காரில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் சின்னதாக ஒற்றைக் கோடு, சட்டைப் பையில் சிவப்புப் பென்சில். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அதுதான் எங்களுக்குப் பயம். நம் படத்தில் தப்பு இருந்தால் எங்கே என்று சொல்ல மாட்டார். தன் நாற்காலியைத் தரையில் கறகறவென்று இழுத்துக்கொண்டு வந்து நம் பக்கத்தில் போடுவார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வார். “நீ பண்ணும்மா, நான் பாத்துண்டிருக்கேன்” என்பார். அவ்வளவுதான். அப்புறம் நாமாகக் கண்டுபிடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை வராது. முதல் மாதத்தில் நான் வரைந்த ஏரி ஒன்றின் கோடு மூடவே இல்லை. முக்கால் மணி நேரம் அந்த மனுஷர் அப்படியே உட்கார்ந்திருந்தார். டீ வந்தது, குடிக்கவில்லை. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கம் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. நான் அதைத் தொட்டு மூடியதும் எழுந்து, நாற்காலியைத் திரும்ப இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த நாற்காலிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு முதுகு நிமிரும்.

தேவகி நான் சேர்ந்த அதே நாளில் சேர்ந்தவள். மாகறல் பெண். இருபத்தொரு வயது. என்னைப் போலவே பன்னிரண்டாவதுதான். முதல் நாள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே விண்ணப்பத்தாளைப் பார்த்து எழுதினோம். என்னிடம்தான் பேனா வாங்கினாள்.

ஆறு மாதத்தில் அவள் என்னைவிட வேகம். ஒரு வருஷத்தில் ஃபேனுக்கு நேர் கீழே அவள் சீட். சார் எங்களையெல்லாம் வெறும் ‘ம்மா’ போட்டுக் கூப்பிடுவார், அவளை மட்டும் ‘தேவகிம்மா’ என்பார். சென்னைக்கு ட்ரெய்னிங் அனுப்பியது அவளை. கம்பெனி காலண்டரில் கம்ப்யூட்டர் முன்னால் சிரித்துக்கொண்டிருந்தது அவள். பெரிய படம் எடுக்கிற பிரிண்டர் ஒன்று இருந்தது. நான் பட்டனை அழுத்தினால் பேப்பரைக் கடித்து நிற்கும், அவள் வந்து மூடியைத் தட்டினால் ஓடும். அந்த மிஷின் மேலேகூட எனக்குக் கோபம்.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. யார் படத்தில் எத்தனை தப்பு என்று தினமும் எழுதுவார்கள். எனக்கு நாலு, ஆறு, சில நாள் மூன்று. தேவகிக்கு நேராக வாரக்கணக்கில் சைபர். அந்தச் சைபரைப் பார்க்காமல் தண்ணி குடிக்கப் போகவே முடியாது, குடம் அதற்குக் கீழேதான் இருக்கும்.

இதற்குப் பொறாமை என்று பேர் வைக்க எனக்கு ரொம்ப நாள் ஆனது. அதுவரைக்கும் அதற்கு ‘நியாயம்’ என்று பேர் வைத்திருந்தேன். என் மாமியாருக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. “உன் வவுத்துல எரியறதுக்குப் பக்கத்துல பாலை வெச்சா பொங்கிடும், கேஸ் மிச்சம்” என்பார். என் வீட்டுக்காரர் வேறு மாதிரி. நான் ஆபீஸ் கதை ஆரம்பித்தால், “தேவகி முடிஞ்சுதுன்னா சோத்தைப் போடு” என்பார்.

ஏழு வருஷம் இப்படிப் போயிற்று. அப்போது ஒரு பெரிய வேலை வந்தது. சுற்று வட்டாரத்து ஏரிகளையும் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்களையும் படமாக்கித் தரவேண்டும். எந்த ஏரியைத் தூர் எடுப்பது, எந்தக் கால்வாயைச் சரி பண்ணுவது என்பதை அந்தப் படத்தை வைத்துத்தான் முடிவு பண்ணப் போகிறார்கள் என்று சார் சொன்னார். “படத்துல இல்லேன்னா பூமியிலயும் இல்லேன்னுடுவா” என்றார்.

படத்தைப் பூமியோடு பொருத்துவதற்குச் சில இடங்களுக்கு நேரில் போய், கையடக்கக் கருவியில் புள்ளி எடுத்து வரவேண்டும். சாலவாக்கம் பக்கத்தில் ஒரு ஊருக்கு என்னையும் தேவகியையும் அனுப்பினார். ஊர்ப் பேர் வேண்டாம், இரண்டு தரப்பும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம். நடவு முடிந்து வயலெல்லாம் சேறு. நடக்க இருந்த ஒரே வழி ஏரிக்குப் போகிற வரத்துக் கால்வாயின் கரை. ஒரு ஆள் அகலம்கூடத் தேறாத கால்வாய் அது. கருவியை அவள் பிடித்துக்கொண்டு முன்னால் போக, நான் குறிப்பெழுதிக்கொண்டு பின்னால் போனேன். ஒரு பம்புசெட் கிணறு வந்தது. கால்வாய் அங்கே நேராகப் போகாமல் கிணற்றைச் சுற்றி முழங்கை மாதிரி மடங்கியது. கிணறு வெட்டினபோது மடக்கியிருப்பார்கள். பழைய வரைபடத்தில் அந்த மடக்கல் கிடையாது. அது தெரியாமல் நான் நேராகக் கால் வைத்து, இடுப்பு வரைக்கும் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

தேவகி சிரித்த சிரிப்பு ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். சிரித்து முடித்துவிட்டுப் பம்புசெட்டில் என்னை நிற்க வைத்து, கொசுவத்தைப் பிடித்துப் பிடித்து அவளே அலசிவிட்டாள். அந்த நேரத்தில் எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

கிணற்றுக்காரப் பெரியவர் வந்து விசாரித்தார். விஷயத்தைச் சொன்னதும் கால்வாயைக் காட்டினார். “இது வந்தாத்தான்மா எங்க ஏரி ஏரி. இல்லேன்னா பசங்க கிரிக்கெட் ஆட்ற கிரவுண்டு. மேல வயக்காரன் வருசா வருசம் ஒரு சாண் ஏர் ஓட்டிக்கினே வர்றான். கேட்டா, இங்க கால்வாயே கெடையாதுன்றான். நீங்க போட்டுக் குட்த்துடுங்க, அப்பால நான் பேசிக்கிறேன்.”

போட்டுவிடுகிறோம் என்று இருவரும் தலையாட்டினோம்.

இப்போது அந்தத் தப்பைச் சொல்ல வேண்டும். இது எங்கள் தொழிலில் மட்டுமே நடக்கிற தப்பு. பக்கத்துப் பக்கத்து வயலை வரையும்போது இரண்டு கோடும் சரியாக ஒட்டாமல், நடுவில் நகம் வெட்டிப் போட்டது மாதிரி மெல்லிசாக ஒரு துண்டு மிஞ்சும். நாங்கள் அதை நகத்துண்டு என்போம். அது தப்பு. அதைத் துடைக்க ‘க்ளீன்’ என்று ஒரு கட்டளை உண்டு. எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிற கோடுகளை ஒட்டவேண்டும் என்று நாம் ஒரு அளவு கொடுத்தால், அதற்குள் இருக்கிறதையெல்லாம் அதுவே ஒட்டிவிடும். அளவைக் கூட்டிக் கொடுத்தால் ஒரு நகத்துண்டுகூட மிஞ்சாது, பலகையில் சைபர் விழும். ஆனால் ஒல்லியான கால்வாயும் அந்த மிஷினுக்கு நகத்துண்டுதான். இரண்டு கரையையும் இழுத்து ஒன்றாக்கிவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று சொல்லும்.

வேலையை ஒப்படைக்க வேண்டியது திங்கட்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை தேவகி கோயிலுக்குப் போக சீக்கிரம் கிளம்பினாள். அவள் படங்களுக்கெல்லாம் சரிபார்க்கிற பிரிண்ட் எடுத்து வைக்கச் சொல்லி சார் என்னிடம் சொன்னார். அன்றைக்கு அதிசயமாக மிஷின் கடிக்காமல் ஓடியது. அந்த ஊர்ப் படம் வந்ததும், நான் விழுந்த இடம் எது என்று விளையாட்டாகத் தேடினேன். கால்வாய் இல்லை. ஏரி இருந்தது, மதகு இருந்தது. ஏரிக்குத் தண்ணீர் வருகிற வழியில் இரண்டு பக்கத்து வயலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

எனக்கு முதலில் வந்தது பதற்றம் இல்லை, சந்தோஷம். அத்தனை வருஷத்துச் சைபருக்கும் காரணம் கையில் கிடைத்துவிட்டது. அவள் க்ளீனில் அளவைக் கூட்டி வைத்திருக்கிறாள். வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள், ட்ரெய்னிங்கில் யாரோ சொல்லிக் கொடுத்ததை அப்படியே வைத்திருப்பாள். ஆனால் தப்பு தப்புதான்.

அப்போதே சாரிடம் போயிருக்கலாம். போகவில்லை. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வேலை கொடுத்த ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வருவார், எல்லோர் முன்னாலும் படத்தை விரிப்பார் என்று தெரியும். அவரே கேட்கட்டும், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவள் எழுந்து நின்று பதில் சொல்லட்டும் என்று நினைத்தேன். பிரிண்ட்டை நாலாக மடித்து என் டிராயரில் துணிப்பைக்கு அடியில் வைத்தேன். வெள்ளிக்கிழமை சார், “எல்லா பிரிண்ட்டும் பாத்தாச்சா?” என்று பொதுவாகக் கேட்டார். தேவகி ஆச்சு என்றாள். நான் கீ-போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாலவாக்கத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் அந்தக் கிணற்றுக்காரப் பெரியவர். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். சேற்றில் விழுந்தவளை யார் மறப்பார்கள்? “இன்னாம்மா, மேப்பு முடிஞ்சிச்சா? எங்க கால்வா அதுல வந்துச்சா?” என்றார்.

“வந்துச்சு நைனா” என்றேன்.

அவர் பக்கத்து இலைக்காரரைத் தட்டி, “இந்தம்மா போட்ட மேப்புல நம்ம கால்வா கீதாம். இனிமே அவன் இன்னா சொல்றான்னு பாக்கறேன்” என்றார். அந்த ஆள் எனக்குக் கும்பிடு போட்டார். பாயசத்தைத் தொடாமல் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் ஆபீஸுக்குப் போனேன். நல்ல புத்தி வந்து போனேன் என்று நினைக்க வேண்டாம். பாதிதான் நல்ல புத்தி. எங்களுக்கு ஆளுக்கு ஒரு கலர் பென்சில் உண்டு, யார் திருத்தியது என்று சாருக்குத் தெரிவதற்காக. என்னுடையது நீலம், தேவகிக்குப் பச்சை, சிவப்பு சாருடையது. நான் சார் மேஜையிலிருந்தே சிவப்பை எடுத்து, பிரிண்ட்டில் கால்வாயை ஏரி வரைக்கும் வரைந்து, அவர் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்துவிட்டு என் சீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டேன். கால்வாயும் காப்பாற்றப்படும், தேவகியும் மாட்டுவாள், என் பேரும் வராது. அப்படி ஒரு கணக்கு.

ஒன்பதரைக்கு சார் அந்தப் பிரிண்ட்டோடு ஹாலுக்கு வந்தார். நடு மேஜையில் விரித்தார்.

“இதை யாரும்மா மார்க் பண்ணினது?”

அவர் விரல் சிவப்புக் கோட்டின் மேல் மெதுவாகப் போய், கிணற்றுப் பக்கத்தில் நின்றது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, அங்கே நான் கோட்டை மடக்கி வரைந்திருக்கிறேன் என்று. பழைய வரைபடத்தில் இல்லாத மடக்கல். “பாத்து வரைஞ்சது இல்லே இது. நடந்து வரைஞ்சது. நடந்தது ரெண்டே பேர்தானே?” என்றார். அவருடைய கட்டைவிரல் தாளின் கீழ் மூலைக்கு வந்தது. பிரிண்ட் எடுத்த கிழமையும் நேரமும் அங்கே தானாக விழுந்திருக்கும். வியாழக்கிழமை என்று இருந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன்.

தேவகி மூலையைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்திருந்தால் போதும். நான் என் திரையைப் பார்த்தேன்.

“நான்தான் சார். என் படம்தான். க்ளீன்ல போயிடுச்சி” என்றாள்.

சார் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டார். அவள் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்க்க ஏழு வருஷம் காத்திருந்தேன் நான். என் கண் நிமிரவில்லை.

அரை மணி நேரத்தில் அளவைக் கண்டுபிடித்துக் குறைத்தாள். அந்தக் கால்வாய் திரும்பி வந்தது. அவளுடைய மற்றப் படங்களிலும் இன்னும் பல கால்வாய்கள், இரண்டு வண்டிப்பாதை, ஒரு சுடுகாட்டு வழி எல்லாம் திரும்பி வந்தன. சார் அந்த அதிகாரிக்குத் தானே போன் பண்ணி நாள் கேட்டார். பலகையில் தேவகி பேருக்கு நேராக அவளே நாற்பதுக்கு மேல் ஒரு எண்ணை எழுதினாள்.

அத்தோடு அவள் கதை முடிந்தது என்று நினைத்தேன். நடந்தது வேறு. தன் படத்தில் தானே தப்பைக் கண்டுபிடித்துத் தானே வந்து சொன்ன பெண் என்று சார் சென்னைக்கு எழுதினார். அடுத்த வருஷம் மற்றவர்கள் படத்தைச் சரிபார்க்கிற வேலை அவளுக்குக் கொடுத்தார்கள், அதாவது என் படத்தையும். மென்பொருள் எழுதுகிறவர்கள் அதிலேயே ஒரு தடை போட்டார்கள். க்ளீன் கொடுத்ததும், நீளமாகவும் ஒல்லியாகவும் எது இருந்தாலும் நின்று, ‘இதை நீக்கலாமா?’ என்று கேட்கும். இன்றைக்கும் கேட்கிறது. அதற்குத்தான் தேவகி ரூல் என்று பேர்.

பதினெட்டு வருஷம் அந்தக் கேள்வி தினமும் என் திரையில் வந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் ‘வேண்டாம்’ என்று அழுத்துவேன், அழுத்தும்போதெல்லாம் வயிறு எரியும். அது என்னுடைய கோடு. சேற்றில் விழுந்தது நான். ஆனால் என்னுடையது என்று சொன்னால், வியாழக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரைக்கும் அதை எங்கே வைத்திருந்தாய் என்று கேட்பார்களே. அவள் என் பேரைத் திருடிக்கொண்டாள் என்று என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னேன், நாலு நாள் கதையை மட்டும் விட்டுவிட்டு. அவளோ ஒருநாளும் என் படத்தை வேண்டுமென்று திருப்பி அனுப்பியதில்லை. அது இன்னும் எரிந்தது. வரதராஜன் சார் போய்ச் சேர்ந்தபோது இருவரும் ஒரே ஆட்டோவில் போனோம். அப்போதும் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஏரிக்கு மட்டும் தண்ணீர் வருகிறது. பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன்.

ஆகவே விழாவில் தேவகி பாதி பொய் என்றதும் எனக்கு மாலை கனத்தது. இப்போதுதான் சொல்லப்போகிறாள், அதுவும் இத்தனை பேர் நடுவில் என்று நினைத்தேன். பிள்ளைகள் ஏதோ தமாஷ் வரப்போகிறது என்று சிரிக்கத் தயாரானார்கள்.

“அந்த சிவப்புக் கோடு நான் போட்டது இல்ல. சார் கேட்டப்போ போட்டவங்க பேசல. அவங்க பேசுவாங்கன்னு அன்னிக்கும் பாத்தேன், அப்பாலயும் பாத்துக்கினேதான் இருந்தேன். மீதியை நான் சொன்னா சரியா வராது” என்றாள்.

அவள் மைக் வயரை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். மைக்கை என் கையில் வைத்து, என் விரல்களை அதன் மேல் மூடினாள். அப்புறம் ஓரமாகக் கிடந்த ஒரு நாற்காலியைத் தரையில் கறகறவென்று இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.